பெரிய கிராணி தொடங்கி வைத்த இலையுதிர் காலம்

மலேசிய நாட்டில் இலையுதிர் காலம் 1979ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர், கெடா மாநிலம் செர்டாங்கை அடுத்த டன்வர்த் ரப்பர் தோட்டத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி திரு. ஏசுதாசன் அவர்கள். அதற்கு முன்பு கோடிக்கணக்கான வருஷங்கள் இந்த நாடு வெயில், மழை என்ற இரண்டே இரண்டு காலங்களை வைத்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றி வந்தது. வெள்ளைக்காரன் வந்தான், ஜப்பான்காரன் வந்தான், இரண்டு பேரும் போனார்கள். ஒருவருக்கும் இது ஒரு குறையாகப் படவில்லை. பெரிய கிராணிக்குப் பட்டது.

குறையைக் கண்டுபிடிக்க உதவியவள் அவர் மனைவி கேதரின். உதவுகிறோம் என்று தெரியாமலேதான் உதவினாள். துரை பங்களாவில் கழித்துக் கட்டிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை, சமையலறை அலமாரியில் விரிப்பதற்காக அவள் வாங்கி வந்திருந்தாள். அதில் ஒன்றில் ஓர் அமெரிக்கக் குடும்பம் அச்சாகியிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், எல்லோருக்கும் கம்பளிச் சட்டை. நாய்க்கும் ஒன்று. பின்னால் ஒரு நீளமான கார். அதற்கும் பின்னால் காடு முழுக்க இரத்தச் சிவப்பாக இலை. ‘இலையுதிர் காலத் தொடக்கத்தில் தேசியப் பூங்காக்கள் வழியே குடும்பச் சுற்றுலா’ என்று தலைப்பு. பெரிய கிராணி அதை நின்றபடியே மூன்று முறை படித்தார்.

“கேத்தி, நாமெல்லாம் மனுஷங்களா?”

கேதரின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, காலங்காத்தால இப்படிக் கேக்கறீங்க?”

“மனுஷங்கன்னா குடும்பத்தோட இந்த மாதிரி ஒரு காடியில ஏறி தேசியப் பூங்கா பாக்கணும். அதுவும் இலையுதிர் காலத் தொடக்கத்துல பாக்கணும். நாம இருபது வருஷமா என்னத்தப் பாத்தோம்? கித்தா மரம்!”

“பெப்ரவரி ஆனா நம்ம கித்தா மரமும்தான் செவந்து கொட்டுது. வாசல் கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடியுதே.”

பெரிய கிராணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது இலையுதிர் காலம் இல்ல, கேத்தி. அது உற்பத்திக் குறைவு.”

இவ்வளவு துல்லியமான மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் தினமும் விடியுமுன் ‘பெரட்டு’ நடக்கும். பால் வெட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அலுவலகத்தின் முன்னால் வரிசையாக நிற்க, பெரிய கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ‘ஆஜர்’ என்றால் ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷமாக அவர் போட்ட கோடுகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஒன்றையும் அடித்துத் திருத்தியதில்லை. பேர் விழுந்தால் ஆள் உண்டு. பேர் விழாவிட்டால், ஆள் எதிரே நின்று தும்மினாலும் இல்லை. ஒரு முறை பிச்சை என்கிற பால்வெட்டுக்காரர் இரண்டு நிமிஷம் பிந்தி ஓடிவந்து, “ஐயா, இந்தா நிக்கறேனே!” என்று கத்தினார். பெரிய கிராணி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “எங்க?” என்று கேட்டார். அன்றைக்குப் பிச்சை நிஜமாகவே இல்லாமல்தான் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

அந்த ஒழுங்கு அலுவலகத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டில் தினமும் மாலை செபமாலைக்கு முன்பு பிள்ளைகளுக்குப் பெரட்டு உண்டு, அதற்குத் தனிப் புத்தகமும் உண்டு. மூத்தவள் ஜோன், அடுத்தவன் எர்னஸ்ட், கடைக்குட்டி பேட்ரிசியா, மூன்று பேரும் வரிசையாக நின்று ஆஜர் சொன்ன பிறகுதான் மாதாவே காது கொடுப்பாள். கேதரின் அடுப்படியிலிருந்து குழம்பைக் கிண்டியபடியே ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுவாள்.

இப்போது அந்த மனிதர் உட்கார்ந்து சுற்றுலாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதினார். மூன்று ‘தேசியப் பூங்காக்கள்’, இரண்டு நாள், ஐந்து தேநீர் இடைவேளை. மூன்றாவது பூங்காவுக்கு நேராக ‘குருண், ஜெராய் மலையடி, அருவி’ என்று எழுதியிருந்ததைக் கேதரின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

கேதரின் பிறந்ததே குருணில்தான். மழை விட்ட பிறகு மலைச்சரிவில் வெள்ளை நூலாக அந்தத் தண்ணீர் இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்து வளர்ந்தவள். கிட்டப் போனதில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு கல்யாணம் ஆனது. பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இருபது வருஷமாக அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அந்தத் தண்ணீரில் காலை விட்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் ‘கேத்தி’, ‘மம்மி’, ‘அண்ணி’ என்று ஒரு குரல் காதில் விழக் கூடாது. அவ்வளவுதான்.

“ஏங்க, அங்க எனக்கு அரை மணி நேரம் வேணும்.”

“எதுக்கு?”

“சும்மா உக்கார.”

பெரிய கிராணி நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழே பார்த்தார். ‘சும்மா’வுக்கு அதில் கட்டம் இல்லை. “பாப்போம்” என்றார். அவர் வாயிலிருந்து வரும் ‘பாப்போம்’ எங்கே போய் முடியும் என்று கேதரினுக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை விடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆயத்தக் கூட்டம் வீட்டுக் கூடத்தில் முறைப்படி நடந்தது. தலைமை, பெரிய கிராணி. செயலாளர், அவருடைய தம்பி வால்டர். செர்டாங் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கல்யாணம் ஆகாதவர், சொந்தமாக ஒரு டட்சனும் கேமராவும் வைத்திருப்பவர். உறுப்பினர்கள், மூன்று பிள்ளைகள். கேதரின் வடையும் டீயும் கொண்டு வந்தாள். முதல் தீர்மானமாக இலையுதிர் காலம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டாவது தீர்மானம் கம்பளிச் சட்டை பற்றியது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் ஐந்து கம்பளிச் சட்டை இரவல் வாங்குவது என்று முடிவானது.

“அண்ணே, அஞ்சு பத்துமா?” என்றார் வால்டர்.

“நான், நீ, பிள்ளைங்க மூணு. அஞ்சு. அடுப்புகிட்ட நிக்கறவளுக்கு எதுக்குக் கம்பளி?”

கேதரினுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிறகு சுற்றுலாவுக்கென்றே புதிதாக ஒரு செக்ரோல் வாசிக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வரை பெயர்கள். அதன் கீழே ‘சாமான்கள்’ என்று தனித் தலைப்பு: மண்ணெண்ணெய் அடுப்பு, சோற்றுப் பானை, அரிவாள்மனை, டீ பிளாஸ்க் என்று பதினான்கு உருப்படி. ‘பொறுப்பு: வீட்டார்’.

ஜோன் எட்டிப் பார்த்தாள். “டேடி, மம்மி பேரு இல்லையே?”

பெரிய கிராணி சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். “பெரட்டுல துரை பேரைக் கூப்பிடுவாங்களா? துரை நிர்வாகம். அதே மாதிரி மம்மியும் நிர்வாகம்லா.”

துரைக்குச் சமமாகத் தன்னை வைத்துவிட்டாரே என்று கேதரினுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையோடு எச்சில் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்படியாக இலையுதிர் காலம் பிறந்தது. வீட்டு வாசலில் மோரிஸ் மைனரும் டட்சனும் நிற்க, ஐந்து பேரும் கம்பளிச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். பெரிய கிராணி விசில் ஊதினார். “ஏசுதாசன்!” என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டு, வரிசையில் போய் நின்று, “ஆஜர்!” என்று சொல்லி, திரும்பி வந்து கோடு போட்டுக்கொண்டார். நேர்மை என்றால் அப்படி இருக்க வேண்டும். பதினான்கு உருப்படிகளையும் ஏற்றி முடித்த கேதரின், டட்சனின் பின் ஆசனத்தில் பானைக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த இடத்தில் தன்னையும் ஏற்றிக்கொண்டாள். சாப்பாடு எந்தக் காடியில் போகிறதோ அந்தக் காடியில் அவள். அது எழுதாத சட்டம்.

முதலாம் தேசியப் பூங்கா, கூலிம் தாண்டிப் போகும் தார்ச் சடக்கோரத்தில், வனக் காப்பகம் என்று பலகை நட்டிருந்த இடம். எல்லோரும் இறங்கினார்கள். இலைகள் பச்சையாக இருந்தன. மரம், செடி, கொடி, பலகை, பலகையில் ஏறியிருந்த பாசி, எல்லாம் பச்சை.

“ஆரம்ப நிலை” என்று விளக்கினார் பெரிய கிராணி. “இலையுதிர் காலத் தொடக்கம்னா இப்படித்தான் இருக்கும். குளிருது, இல்ல?”

“ஆமா டேடி” என்றான் எர்னஸ்ட். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்து, அவன் ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேட்ரிசியா மயக்கம் வருகிறது என்றாள். அது ‘மலைக்காற்றின் வேகம்’ என்று பதிவானது. பன்னிரண்டாவது நிமிஷம் மழை கொட்டியது. நிகழ்ச்சி நிரலில் பசியாறும் நேரம் அதுதான் என்பதால், கேதரின் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று அங்கேயே ரொட்டி சுட்டாள்.

வடக்கே போகும் வழியில் குருண் வந்தது. ஜெராய் மலை மேகத்தை விலக்கிக்கொண்டு தெரிந்தது. “ஏங்க…” என்று கேதரின் டட்சன் ஜன்னலிலிருந்து, முன்னால் போகும் மோரிஸைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அந்தக் குரல் மோரிஸ் வரைக்கும் போகவில்லை.

“நாளைக்கு வருவோம் அண்ணி. மூணாவது ஐட்டம்” என்றார் வால்டர்.

இரண்டாம் தேசியப் பூங்கா மெர்கோங்கில். அங்கே பூங்கா என்று ஒன்றும் அகப்படவில்லை. வரிசைக் கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்ததில், ஒரு மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், கெத்தாப்பாங் என்கிற ஒரு வாதுமை மரம் நின்றது. அதில் பத்திருபது இலை பழுத்துச் செக்கச் செவேலென்று தொங்கியது. பெரிய கிராணிக்குக் கண் கலங்கிவிட்டது. காடியை நடுத் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

“எல்லாரும் நில்லுங்க! சட்டை பட்டனைப் போடுங்க! வால்டர், நீயும் வா. படம் கேத்தி பிடிப்பா.”

ஐந்து பேரும் குப்பைத் தொட்டியை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கடைக்காரச் சீனர் வாணலியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, வெயிலில் கம்பளிச் சட்டையோடு நிற்கும் குடும்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேதரினிடம் வந்து இரக்கத்தோடு மலாயில் கேட்டார்: “எல்லாருக்குமா டெமாம்?”

“காய்ச்சல் இல்லை தவுக்கே. இலையுதிர் காலம்” என்றாள் கேதரின்.

அவர் தலையை ஆட்டினார். “அதுக்கும் மருந்து இருக்கு. அடுத்த சந்துல கிளினிக்.”

அன்றிரவு மெர்கோங்கில் ஓர் உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு, மூன்றாம் தேசியப் பூங்காவான ஜெராய் மலையடிவாரம். நுழைவாசலில் ஒரு சிறு குடிசை, அதில் ஹாஷிம் என்று ஒரு வனக் காவலர், அவர் முன்னால் ஒரு வருகைப் பதிவேடு. பதிவேட்டைக் கண்டதும் பெரிய கிராணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் செக்ரோலைத் திறந்து வைத்துச் சரிபார்த்து, ‘ஏசுதாசன் குடும்பம், ஐந்து பேர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். கேதரின் அப்போது பானையைத் தலையில் வைத்துக்கொண்டு குடிசையைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம்தான், இந்த வேலை முடியட்டும். அடுப்பு மூட்டினாள், சோறு வடித்தாள், மீன் சம்பால் வைத்தாள், பரிமாறினாள், தான் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள், பானை தேய்த்தாள். பதினான்கு உருப்படியையும் எண்ணி டட்சனில் ஏற்றினாள். மணி ஒன்றே முக்கால். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கணவரிடம் போய் நின்றாள். அவர் ‘இலைகள்: பச்சை’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எல்லா வேலையும் முடிச்சிட்டேன். நான் அந்த மேல் பக்கத் தண்ணிக்குப் போறேன். அரை மணி நேரம். கேட்டுச்சா?”

“ம்.”

அவள் ஓடினாள். நாற்பத்திரண்டு வயசில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓடினாள். மேலே பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு மடு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே விட்டாள். ஜில்லென்று ஏறியது. “அப்பாடா, மாதாவே!” என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், யாருமே கூப்பிடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பத்தாவது நிமிஷம் வானம் உடைந்தது. கீழே விசில் ஊதியது. பெரிய கிராணி கொட்டகைக்குள் அவசரப் பெரட்டு நடத்தினார். இடி இடித்தாலும் பெரட்டு பெரட்டுதான். “ஏசுதாசன்!” “ஆஜர்!” “வால்டர்!” “ஆஜர்!” பிள்ளைகள் மூன்றும் ஆஜர். பிறகு சாமான்கள்: அடுப்பு உண்டு, பானை உண்டு, பிளாஸ்க் உண்டு, பதினான்கும் உண்டு. “முழு வருகை!” என்று அறிவித்தார். ஜோன் நனைந்துகொண்டே மோரிஸில் ஏறினாள். மம்மி சாமானோடு டட்சனில் இருப்பாள் என்று அவளுக்கு நிச்சயம். வால்டர் டட்சனை எடுத்தார். மழை என்று அண்ணி மோரிஸில் ஏறிவிட்டார் என்று அவருக்கு நிச்சயம். பேட்ரிசியா மோரிஸின் பின் ஆசனத்தில் சுருண்டு தூங்கிவிட்டாள். உலகத்தில் எந்தக் குடும்பமும் இவ்வளவு ஒழுங்காகத் தன் தாயை விட்டுவிட்டுப் போனதில்லை.

கேதரின் பாறையில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தபோது இரண்டு காடி நின்ற இடத்திலும் தண்ணீர் தேங்கியிருந்தது. கைப்பை டட்சனில். அடையாளக் கார்டு கணவரின் பையில். ஒரு செருப்பை ஓடை கொண்டுபோய்விட்டது. முதலில் அவளுக்குத் தோன்றியது, “ஐயோ, என்னைக் காணாம எப்படித் தவிக்கிறாங்களோ!” என்பதுதான். ஹாஷிமின் குடிசையில் ஒதுங்கி நின்று, வாசலையே பார்த்தாள். கால் மணி ஆனது. மழை விட்டது. அரை மணி ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. தவிக்கிறவர்கள் யாரும் வரக் காணோம்.

ஹாஷிம் பதிவேட்டைப் புரட்டினார். மலாயில் மெதுவாகச் சொன்னார்: “ஆச்சி, அஞ்சு பேர் வந்தாங்கன்னு எழுதியிருக்கு. அஞ்சு பேர் போனதை நானே பாத்தேன். அப்ப நீங்க யாரு?”

கேதரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. மூணு பிள்ளை பெத்தேன், இருபது வருஷம் சோறாக்கிப் போட்டேன், ஒரு கோடு போட ஆள் இல்லையா எனக்கு! ஓவென்று அழுதாள். ஹாஷிம் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிளாஸ் தே ஓ கலந்து வந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

இருபது வருஷத்தில் அவளுக்கு ஒருத்தர் டீ கலந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. குடித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காலை விட்டு உக்கார இங்க பக்கத்துல தண்ணி இருக்கா?” என்று கேட்டாள்.

“மேல போகாதீங்க, வெள்ளம் வரும். இந்த வாய்க்கால்ல உக்காருங்க, பயம் இல்ல.”

போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் என்றுதான் உட்கார்ந்தாள். நேரம் முடிந்துபோனதாக யாரும் வந்து சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள்.

இதற்கிடையே கூலிம் சடக்கில் நடந்ததைப் பிற்பாடு பேட்ரிசியா வாயால் கேதரின் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சரியாக நான்கு மணிக்கு, ‘ஐந்தாம் தேநீர் இடைவேளை’க்காக இரண்டு காடியும் ஓரங்கட்டின. பெரிய கிராணி இறங்கி, சோம்பல் முறித்து, கையை நீட்டினார். கையில் கிளாஸ் வந்து உட்காரவில்லை.

“டீ எங்க?”

“டீ இருக்கு டேடி” என்றாள் பேட்ரிசியா. “மம்மிதான் இல்ல.”

“அப்ப யாரு ஊத்தறது?”

“அண்ணே!” என்று வால்டர் அலறினார். “அண்ணி உங்க காடியில இல்லையா?”

பெரிய கிராணி செக்ரோலை எடுத்துப் பார்த்தார். “கணக்கு சரியாத்தானே இருக்கு! ஒரு ஆள்கூடக் குறையலியே!” என்றார். அவர் பதறிப்போனது உண்மை. மனுஷன் கல்லில்லை. திரும்பும் வழியெல்லாம், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டே காடியை ஓட்டினாராம்.

மாலை ஆறு மணிக்குக் குடிசை வாசலில் இரண்டு காடியும் வந்து நின்றன. பிள்ளைகள் ஓடிவந்து கேதரினைக் கட்டிக்கொண்டார்கள். வால்டர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய கிராணி மனைவியை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் முதலில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டார்.

“ஏன் பெரட்டுக்கு வரல?”

“என் பேரைக் கூப்பிட்டீங்களா?”

பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஹாஷிமிடம் திரும்பி, இது தன் மனைவி, அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். ஹாஷிம் பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார்.

“என்சே, அஞ்சு பேர் வந்ததா நீங்களே எழுதியிருக்கீங்க. அஞ்சும் போயாச்சு. இப்ப ஆறாவதா ஒரு ஆளை எந்தக் கணக்குல நான் வெளிய விடறது? அஞ்சை ஆறுன்னு திருத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

ஹாஷிம் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பதிவேடு விஷயத்தில் விளையாட்டு என்று ஒன்று இருப்பது பெரிய கிராணிக்குத் தெரியாது. அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அந்த ‘5’ஐ உற்றுப் பார்த்தார். கேதரின் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எண். ஒரு சுழி. அவர் அதைப் போட்டுவிட்டால் போதும், ஏறி வீட்டுக்குப் போய்விடலாம், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்தாள்.

பேனா முனை தாளைத் தொடவில்லை.

“திருத்துங்கண்ணே!” என்றார் வால்டர்.

“அடிச்சுத் திருத்தறது குற்றம்டா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட…” அவருக்கு வியர்த்தது, கம்பளிச் சட்டை வேறு. “வேணும்னா கீழே ‘குறிப்பு’ன்னு போட்டு, ‘சாமான்களுடன் ஒருவர்’னு எழுதலாமா?”

கேதரின் எழுந்தாள்.

“வேண்டாங்க. புத்தகத்தக் கெடுத்துக்காதீங்க. வந்த அஞ்சு பேரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க. நான் குருண்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வால்டர், போற வழிதானே, இறக்கி விடுங்க.”

“நானும் மம்மிகூடப் போறேன்!” என்றாள் பேட்ரிசியா.

“அப்ப நாலாயிடும்!” என்று பதறினார் பெரிய கிராணி.

திங்கட்கிழமை காலை தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகையில் சுற்றுலா அறிக்கை ஒட்டப்பட்டது. ‘இலையுதிர் காலத் தேசியப் பூங்காச் சுற்றுலாவில் பங்கேற்ற ஐவரும் நலமாகத் திரும்பினர். சாமான்களில் சேதமில்லை. இழப்பு ஏதுமில்லை.’ பெரட்டுக்கு வந்தவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, என்ன இருந்தாலும் பெரிய கிராணி பெரிய கிராணிதான் என்று மெச்சிக்கொண்டார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வாரம் அவர் வீட்டில் காலை டீ இல்லை, எர்னஸ்டின் சட்டைக்குப் பட்டன் இல்லை, சோறு ஒரு நாள் களியாகவும் ஒரு நாள் அரிசியாகவும் இருந்தது. இவையெல்லாம் அறிக்கையின் எல்லைக்கு வெளியே உள்ள விவரங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேதரின் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளைகளை நினைத்துத்தான் வந்தாள். காலில் புதுச் செருப்பு. பெரிய கிராணி வாசலுக்கே வந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். நான்கு நாளில் ஆள் இளைத்திருந்தார். கூடத்தில் செபமாலைக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள், வீட்டுப் பெரட்டுப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது.

“கேத்தி” என்றார் தழுதழுத்த குரலில். “நாலு நாள். வேற யாராவதா இருந்தா ஆப்சென்ட் போட்டிருப்பேன். உனக்கு ஒரு நாள்கூடப் போடல.”

“ஆப்சென்ட் போடவும் ஒரு பேரு வேணுமேங்க” என்றாள் கேதரின். “நாலு நாள் இல்ல. இருபது வருஷமா இந்த வீட்டுல நான் பெரட்டுக்கு வரல. உங்களுக்குத்தான் தெரியல.”

பெரிய கிராணி ஆதாரமில்லாமல் எதையும் நம்புகிறவர் அல்ல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுப் புத்தகங்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துத் தேடினார். எங்கும் ஒரு பிழை இல்லை. அவளும் இல்லை.